65 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்குப் புதிய தொழிலாளர் சட்டங்கள் என்ன மாற்றுகின்றன?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருப்பூரில் அப்பா நடத்திய பனியன் கம்பெனியை மகன் எடுத்து நடத்துகிறார். சொந்த ஆட்கள் 45, காண்ட்ராக்டர் மூலம் 20, ஆக 65 பேர். பாதிக்கு மேல் பெண்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் 15 பேர். புதிய தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, சம்பளப் பிரிவை உடனே மாற்றுங்கள் என்கிறார் ஆடிட்டர். மாநில அரசின் விதிகள் வரட்டும், அதுவரை ஒன்றும் தொட வேண்டாம் என்கிறார் பக்கத்து யூனிட் நண்பர். யார் பேச்சைக் கேட்பது, எங்கே தொடங்குவது?

இருபது வருடத்துக்கு மேலாகக் கோவை, திருப்பூர் பக்கம் கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்ட வேலைகளைப் பார்த்து வருகிறேன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே தொடங்க வேண்டிய இடத்தைச் சொல்லவில்லை. சம்பளப் பிரிவுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஆர்டர் எனப்படும் பணி நியமனக் கடிதம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2025 நவம்பர் 21-இல் மத்திய அரசு நான்கு சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்பு, 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புகள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம், போனஸ் சட்டம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் என்று நாம் பழகிய 29 மத்தியச் சட்டங்கள் இவற்றுக்குள் அடங்கிவிட்டன. தொழிலாளர் விவகாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் பல நடைமுறை விவரங்களை மாநில விதிகள்தான் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் சொல்வது அதைத்தான். ஆனால் வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிப்பது, ஊதியத்தின் வரையறை போன்றவை சட்டத்தின் பிரிவுகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு எந்த விதியும் வந்து உயிர் கொடுக்க வேண்டியதில்லை. இடைக்காலத்தில், முரண்படாத அளவுக்குப் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அதனால் பழைய பதிவேடுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சரி, ஆடிட்டர் சொன்ன சம்பளப் பிரிவு. புதிய வரையறைப்படி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப்படி (வேலை இல்லாத காலத்தில் ஆளைத் தக்கவைக்கக் கொடுப்பது) ஆகியவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன், முதலாளி கட்டும் பி.எஃப். பங்கு போன்றவை ஊதியத்தில் சேராது. ஆனால் சேராத தொகைகளின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்காகும்.

உங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, வீட்டு வாடகைப்படி 12,000, போக்குவரத்துப்படி 6,000. சேராத தொகை 18,000. பாதி என்பது 15,000. மீதி 3,000 ஊதியத்தோடு சேரும். ஆக அவருடைய ஊதியம் 15,000. இதுவரை 12,000-க்கு 12 சதவீதம் என்று 1,440 ரூபாய் பி.எஃப். கட்டியிருந்தால் இனி 1,800. உங்களுக்கு 360 கூடுதல், அவருக்கும் 360 கூடுதல் பிடித்தம். ஊதியம் ஏற்கெனவே 15,000 என்ற பி.எஃப். உச்சவரம்பைத் தொட்டு, அதற்கு மட்டும் 1,800 கட்டிக்கொண்டிருந்தால் கையில் வாங்கும் சம்பளம் குறையாது. இதை மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே விளக்கிவிட்டது.

பெரிய வித்தியாசம் கிராஜுவிட்டியில் வரும். வருடத்துக்கு 15 நாள் ஊதியம், 26-ஆல் வகுக்கும் அதே கணக்குதான். அதே ஆள் பத்து வருடம் வேலை பார்த்திருந்தால் 12,000-க்கு சுமார் 69,230 ரூபாய். 15,000-க்கு சுமார் 86,540. கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் கழிந்துபோன பத்து வருடத்துக்கும் சேர்த்து உயர்கிறது. டி.சி.எஸ். மாதிரி நிறுவனமே 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டில் இந்தச் சட்டங்களின் தாக்கத்துக்காக 2,128 கோடி ரூபாயை ஒரே தடவையாகக் கணக்கில் ஒதுக்கியது. ஆடிட்டர் அவசரப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பெஷல் அலவன்ஸ் என்று புதிதாக ஒரு பெயர் வைத்து அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விலக்குப் பட்டியலில் அப்படி ஒரு படியே கிடையாது, அதனால் அது ஊதியம்தான். எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படி எந்தப் பெயரில் இருந்தாலும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அப்புறம், உங்கள் கம்பெனியில் இப்படிப் பிரித்த சம்பளம் வாங்குபவர்கள் ஆபீஸ் ஸ்டாஃப் ஏழெட்டுப் பேராகத்தான் இருப்பார்கள். டைலர், செக்கிங், பேக்கிங் எல்லாம் ஷிப்ட் சம்பளம் அல்லது பீஸ் ரேட். அவர்களுக்கு இந்தப் பாதிக்குப் பாதி கணக்கால் பெரிதாக எதுவும் மாறாது. அவர்களுக்கு மாறுவது வேறு.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. இதுவரை பனியன் கம்பெனியில் அது ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும்தான். தையல் மிஷினில் உட்காருபவருக்குக் கேட்டிலேயே வேலை முடிவாகிவிடும். திங்கட்கிழமை வந்தால் வேலை, சனிக்கிழமை சம்பளம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செக்கிங்கில் 11 வருடம் இருந்த ஓர் அம்மா முட்டி வலியால் வேலையை விட்டார். கிராஜுவிட்டி கேட்டபோது, நடுவில் ஒரு வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்பினார், அதனால் சர்வீஸ் தொடர்ச்சி இல்லை என்றது நிர்வாகம். அவர் போகவே இல்லை என்றார். கடிதம் இல்லை, பழைய வருகைப் பதிவேடு கரையான் அரித்துவிட்டது, பி.எஃப். கணக்கோ வேலையில் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத்தான் தொடங்கியிருக்கிறது. விஷயம் தொழிலாளர் துறைக்குப் போய் இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் சமரசமாக ஒரு தொகை கைமாறியது. நான் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வந்து வராந்தாவில் காத்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அரைப் பக்கக் காகிதம் ஒன்று இருந்திருந்தால் அந்த இரண்டு வருடம் அவருக்கும் மிச்சம், கம்பெனிக்கும் மிச்சம்.

ஆகவே அடுத்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, சொந்த ஆட்கள் 45 பேருக்கும் கடிதம். பெயர், சேர்ந்த தேதி, என்ன வேலை, ஷிப்டுக்கு எவ்வளவு அல்லது பீஸ் ரேட் எப்படி, வேலை நேரம், வார விடுமுறை, பி.எஃப். மற்றும் ஈ.எஸ்.ஐ. எண். தமிழில் எழுதுங்கள். ஒடிசா, பீகார் ஆட்களுக்கு அவர்கள் மொழியிலும் ஒரு பிரதி கொடுங்கள். சேர்ந்த தேதியை உண்மையாக எழுதுங்கள். பழைய ஆளுக்கு இன்றைய தேதி போட்டுப் புதிதாகச் சேர்ந்ததுபோலக் காட்டினால் பிற்பாடு உங்களையே அது கடிக்கும். பழைய பி.எஃப். பதிவும் ஈ.எஸ்.ஐ. கார்டும் வேறு தேதியைச் சொல்லும்.

அடுத்தது ஓவர்டைம். திருப்பூரில் இதைப் பேசாமல் எந்தச் சட்டத்தைப் பேசியும் பயனில்லை. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் நம் ஊர்க் கணக்கு ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால் அன்றைக்கு 750. சட்டத்தின் கணக்கு வேறு. எட்டு மணி நேரத்துக்கு 500, அதற்கு மேல் நான்கு மணி நேரத்துக்கு இரட்டிப்பு, அதாவது இன்னொரு 500. ஆக 1,000. இது புதுச் சட்டம் கொண்டுவந்த விஷயமல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே ஓவர்டைமுக்கு இரட்டிப்புதான். நாம் ஊர் வழக்கம் என்று கடந்து வந்தோம். ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதைப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. கூலிக் கோரிக்கை போட ஊதியத் தொகுப்பு மூன்று வருட அவகாசம் கொடுக்கிறது. முன்பு குறைந்தபட்சக் கூலிக்கு ஆறு மாதம், சம்பளப் பாக்கிக்கு ஒரு வருடம் என்று குறுகலாக இருந்தது. மூன்று வருட ஓவர்டைம் வித்தியாசத்தை 40 டைலருக்குப் பெருக்கிப் பாருங்கள், அப்போது இதன் எடை புரியும்.

எக்ஸ்போர்ட் ஆர்டர் நேரடியாக எடுப்பவர்களுக்கு பையர் ஆடிட்டில் இந்தக் கேள்வி எப்போதோ வந்துவிட்டது. ஜாப் ஒர்க் யூனிட்டுகளில்தான் அப்படியே கிடக்கிறது. ஷிப்மென்ட் நெருக்கும் நாட்களில் வேறு வழியில்லை என்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் ரேட் பேசும்போதே இரட்டிப்பு ஓவர்டைமை காஸ்டிங்கில் சேர்க்காமல், வித்தியாசத்தைத் தையல்காரர் கூலியில் ஈடுகட்டுவது நியாயமில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அரசு திரும்பப் பெற்றது. இந்த மாநிலத்தில் எட்டு மணி நேரம் என்பது லேசில் விட்டுக்கொடுக்கும் விஷயமல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

கணக்கு முடிப்பதில் நீங்கள் உடனே பழக்கம் மாற வேண்டும். ஒருவரை நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், அவராகவே வேலையை விட்டாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள் என்பது இனி நடக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாதவரின் வாரச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் பழக்கமும் போக வேண்டும். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம் பழையபடியே இருக்கிறது. பீஸ் ரேட் ஆட்களுக்கு இரண்டு நாளில் கணக்குப் பார்க்க வேண்டும் என்றால் அன்றன்றைய உற்பத்திக் கணக்கு அன்றன்றே ஏற வேண்டும். சூப்பர்வைசர் நோட்டில் ஒரு வாரம் கிடந்து பிறகு ஆபீசுக்கு வரும் முறை இதற்கு ஒத்துவராது.

ஊதியத்தில் குறைவாகக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடி அதே தவறு என்றால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம், இரண்டும்கூட வரலாம். பதிவேட்டுக் குறை போன்ற மற்ற மீறல்களுக்கு, முதல் தடவை வழக்குப் போடும் முன் சரிசெய்துகொள்ள ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது; ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்ததற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆய்வாளர் என்ற பெயரையே ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த முதல் வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

காண்ட்ராக்டர் மூலம் இருக்கும் 20 பேர். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பகுதி இப்போது 50 ஒப்பந்த ஆட்களோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தும், முன்பு அது 20. இதை வைத்து உங்கள் தலையில் ஒன்றும் விழாது என்று காண்ட்ராக்டர் சொல்லியிருப்பார். விழும். காண்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் அந்த இடத்தின் உரிமையாளர் பொறுப்பு என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. மாதாமாதம் காண்ட்ராக்டரின் பில்லோடு பி.எஃப். சலான், ஈ.எஸ்.ஐ. சலான், வங்கியில் கூலி போட்ட விவரம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு பில்லை பாஸ் பண்ணுங்கள்.

குறித்த காலத்துக்கு ஆள் எடுக்கும் முறையைப் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். சீசனுக்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்ளலாம், காலம் முடிந்தால் தானாக வேலை முடியும். ஆனால் அவருக்கு நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் அதே சம்பளம், அதே சலுகை கொடுக்க வேண்டும். ஒரு வருடம் முடித்தாலே அந்த அளவுக்குக் கிராஜுவிட்டியும் உண்டு. ஐந்து வருட நிபந்தனை அவருக்குக் கிடையாது. இன்னொன்றையும் தமிழ்நாட்டில் மறக்கக் கூடாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், அந்த 29 மத்தியச் சட்டங்களில் ஒன்றல்ல. உடைத்து உடைத்து ஒப்பந்தம் போடும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் வரையறை விரிந்திருக்கிறது. ஏஜென்ட் அழைத்து வந்தவர் மட்டுமல்ல, தானாகவே ரயிலேறி வந்து உங்கள் கேட்டில் வேலை கேட்டவரும், மாதம் 18,000 ரூபாய்க்குள் வாங்கினால், இதில் வருகிறார். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் சொந்த ஊருக்குப் போய் வர வருடத்துக்கு ஒரு முறை பயணப்படி கொடுக்க வேண்டும். உங்களிடம் 15 பேர் இருக்கிறார்கள். இதைச் செலவாகப் பார்க்காதீர்கள் என்று மனதாரச் சொல்கிறேன். ஊருக்குப் போனவர் திரும்பி வருவாரா என்பதுதான் இன்று திருப்பூரில் ஒவ்வொரு யூனிட்டின் கவலையும். போக வர டிக்கெட் கொடுத்து அனுப்பியவரிடம் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது.

65 என்ற எண்ணிக்கை வேறு சில கதவுகளையும் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. நிலையாணைகளும் (கம்பெனியின் எழுத்துப்பூர்வ பணி நிபந்தனை விதிகள்), ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன்அனுமதியும் 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான், அதனால் அவை உங்களைத் தொடாது. 20 பேரோ அதற்கு மேலோ என்றால் குறைதீர்க்கும் குழு வேண்டும். நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில், பெண்கள் அவர்கள் விகிதத்துக்குக் குறையாமல், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். 50 பேருக்கு மேல் என்பதால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். இது 2017-இலிருந்தே இருக்கிறது. தனியாக நடத்த முடியாது என்றால் பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம். நல்ல தையல்காரப் பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு வேலைக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் குழந்தையை விட இடமில்லாததே காரணம். டைலர் கிடைக்கவில்லை என்று பேனர் கட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

இந்தத் தொகுப்புகளுக்குள் வராத ஒன்று, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவராக மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். பல கம்பெனிகளில் சுவரில் பெயர்ப் பட்டியல் இருக்கும், அதில் இருப்பவருக்கே தாம் உறுப்பினர் என்பது தெரியாது. லைன் சூப்பர்வைசரின் மனைவியோ தங்கையோ அந்தக் குழுவில் இருந்தால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். யாரைப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் சம்மதமும், பாதுகாப்பு, போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

செலவையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வரவும் ஒன்று உண்டு. பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்ற திட்டத்தில், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் புதிய வேலைகளுக்கு முதலாளிக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. பி.எஃப். ஊதியம் 10,000-க்கு மேல் 20,000 வரை என்றால் ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு லட்சம் வரை 3,000. இரண்டு வருடம் கிடைக்கும், உற்பத்தித் துறைக்கு நான்கு வருடம். 50 பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் கூடுதலாக இரண்டு பேர், 50-ம் அதற்கு மேலும் என்றால் ஐந்து பேர் சேர்க்க வேண்டும், ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். உங்கள் பி.எஃப். கணக்கில் 45 பேர்தான் ஏறியிருக்கிறார்கள் என்றால் இரண்டு பேர் போதும். முதல் முறையாக வேலைக்கு வருபவருக்கும் 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாகக் கிடைக்கும். இதற்கு யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். அடையாள எண், அரசின் உமாங் செயலியில் முக அடையாளத்தோடு எடுத்ததாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து புதிய எண்கள் அப்படித்தான் தரப்படுகின்றன. ஆதாரில் பெயர், பிறந்த தேதி தப்பாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆள் சேரும் நாளிலேயே ஆபீசில் உட்கார வைத்து முடித்துவிடுங்கள்.

முக அடையாளம் என்றதும் இன்னொன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். கைரேகை மிஷினில் இருக்கும் பதிவு, ஆதார் ஜெராக்ஸ் கட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் வங்கிப் பாஸ்புக் படம் எல்லாம் அந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வரும். இப்போதைக்கு, ஆதார் நகல்களைப் பீரோவில் பூட்டி வைப்பதிலிருந்து தொடங்கலாம்.

வரிசை என்று கேட்டால் முதலில் கடிதம். அதோடு சேர்த்து, வேலையை விட்டுப் போனவர்களில் யாருக்காவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து ஓவர்டைம் கணக்கைத் தனி வரியாகச் சம்பளச் சீட்டில் காட்டுங்கள். ஆபீஸ் ஸ்டாஃபின் சம்பளப் பிரிவை ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒரே நாளில் முடித்துவிடலாம். முடிந்ததும் அந்த ஏழெட்டுப் பேரையும் கூப்பிட்டுப் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிடித்தம் கூடியிருந்தால் அது எங்கே போகிறது என்று அவர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள். பி.எஃப். பாஸ்புக்கைப் போனில் எப்படிப் பார்ப்பது என்று அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.